முதலில் விழக் கற்றுக்கொடுங்கள்

ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் 2012 ஏப்ரல் முதல் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானது. முதல் இரண்டு ஆண்டு மாணவ, மாணவியர் அனைவரும் ஜூடோ, கெண்டோ, சுமோ ஆகியவற்றுள் ஒன்றைப் பயில வேண்டும் என்றது அரசு. கெண்டோவுக்கு மூங்கில் வாளும் கவசமும் வேண்டும். ஜூடோவுக்கு முரட்டுத் துணியில் தைத்த சீருடை ஒன்று போதும். பெரும்பாலான பள்ளிகள் ஜூடோவையே தேர்ந்தெடுத்தன.

அந்தச் சமயத்தில் ஒரு கணக்கு நாட்டை உலுக்கியது. நகோயா பல்கலைக்கழகத்தின் கல்விச் சமூகவியல் ஆய்வாளர் ரியோ உச்சிதா, பள்ளி விபத்துகளுக்கு இழப்பீடு வழங்கும் அமைப்பின் பதிவுகளை ஆண்டுவாரியாகத் தொகுத்துப் பார்த்தார். 1983 முதல் 2011 வரை, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் ஜூடோ பயிலும்போது இறந்த மாணவர்கள் 118 பேர். சராசரியாக ஆண்டுக்கு நான்கு பிள்ளைகள். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் தலைக்காயம். இறந்தவர்களில் அதிகம் பேர் அந்தந்தப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்த முதலாம் ஆண்டு மாணவர்கள். சேர்ந்து சில மாதங்கள்கூட ஆகாதவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

ஜூடோ பிறந்த மண்ணில், அந்தக் கலையை உயிராக மதிக்கும் ஒரு நாட்டில் இது நடந்தது. காரணம் கலை அல்ல. விழக் கற்கும் முன்பே பிள்ளைகள் தூக்கிப் போடப்பட்டார்கள். கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்கப் பெரியவர்களுக்குப் பொறுமை இல்லை. நம்முடைய ஊர்களில் தெருவுக்கு ஒரு தற்காப்புக் கலை வகுப்பு நடக்கும் இந்தக் காலத்தில், அந்த 118 மரணங்கள் சொல்லும் பாடத்தை நாம் கவனமாகப் படிக்க வேண்டும்.

பாய்மீது முதல் பாடம்

ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த அறையில் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜுஜுத்சு மரபுகளைக் கற்றவர் அவர். அவற்றின் ஆபத்தான பகுதிகளை விலக்கி, யாரும் பயிலக்கூடிய ஒரு கல்வியாக ஜூடோவை வடிவமைத்தார். ஒருவரை ஒருவர் முழு வேகத்தில் தூக்கிப் போட்டுப் பழக வேண்டுமென்றால், விழுபவர் எழுந்து நின்று மறுபடி பழகும் நிலையில் இருக்க வேண்டும். அப்படிப் பாதுகாப்பாக விழுவதற்கான பயிற்சிதான் உகேமி. ஜூடோ, ஐகிடோ, ஜுஜுத்சு மூன்றுக்கும் அடித்தளம் அதுவே.

நல்ல பயிற்சிக் கூடத்தில் உகேமி எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தால் அதன் அருமை புரியும். புதிதாகச் சேர்ந்த சிறுமியைப் பயிற்சியாளர் நிற்கவே விடுவதில்லை. பாயில் மல்லாந்து படுக்கச் சொல்கிறார். தலையைச் சற்றுத் தூக்கி, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, இடுப்பில் கட்டிய பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். கைகளை மார்பின் மேல் குறுக்காகத் தூக்கி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, இரண்டு கைகளாலும் பாயை ஓங்கி அறைய வேண்டும். கை உடலிலிருந்து முப்பது, நாற்பது பாகை அளவுக்குத்தான் விலகியிருக்கலாம். தோளுக்கு நேராக நீட்டினால் தோள் மூட்டு அடிபடும். உடலோடு ஒட்டி வைத்தால் கை தன் உடலுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். அறையும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

படுத்தபடி சரியாக வந்த பிறகு உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாய்கிறாள். பிறகு குந்திய நிலையிலிருந்து. அதற்கும் பிறகுதான் நின்ற நிலையிலிருந்து. ஒவ்வொரு முறையும் முதலில் பிட்டம், அடுத்து முதுகு, அதே கணத்தில் கைகள். தலை மட்டும் எந்தக் கட்டத்திலும் பாயைத் தொடக் கூடாது. தொடர்ந்து பக்கவாட்டில் விழுதல், முன்னால் விழுதல், உருண்டு எழுதல். உருளும்போது உடல் கையில் தொடங்கி, தோள் வழியாக, முதுகைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்க இடுப்பில் முடிய வேண்டும். கழுத்தோ முதுகெலும்போ நேராகத் தரையில் படாத பாதை அது.

பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டும் பயிற்சி இது. பட்டையும் பதக்கமும் எதிர்பார்த்து வந்த பிள்ளைக்கும், கட்டணம் கட்டிய பெற்றோருக்கும் வாரக்கணக்கில் விழுந்து எழுவது வீண் வேலையாகத் தெரியும். ஆனால் வகுப்பில் கற்ற உதையையும் குத்தையும் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவர்கள் நம்மில் பெரும்பாலோர். மாடிப்படியிலோ மழை பெய்த தெருவிலோ ஒருமுறையாவது சறுக்காதவர் எவரும் இல்லை. அந்த வகுப்பிலிருந்து பிள்ளை ஆயுளுக்கும் எடுத்துச் செல்லப்போவது இந்த ஒரு பாடம்தான்.

உடலின் இயல்பு நமக்கு எதிரி

விழும்போது எவரும் யோசித்துச் செயல்படுவதில்லை. நேரம் அவ்வளவு குறைவு. உடல் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. கையை நீட்டி ஊன்ற முயல்வதுதான் அதற்குத் தெரியும். முழு உடலின் எடையும் ஒரு மணிக்கட்டில் இறங்குகிறது. மணிக்கட்டு எலும்பு முறிகிறது. அது தாங்கினால் முழங்கை பிசகுகிறது. அதுவும் தாங்கினால் காறை எலும்பு உடைகிறது. எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எவரையும் கேளுங்கள், கையை ஊன்றி விழுந்தவர்கள் வராத நாள் இல்லை என்பார்.

பின்னால் விழும்போது நிலைமை இன்னும் மோசம். உடல் தரையில் பட்டு நிற்கிறது. தலை நிற்காமல் தொடர்ந்து போகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு நெருங்கிய வேகத்தில் இருக்கும். ஒருவர் பிடித்துத் தள்ளினாலோ தூக்கிப் போட்டாலோ வேகம் அதற்கும் மேல். மோவாயை நெஞ்சோடு ஒட்டும் பழக்கம் இல்லாதவரின் பின்மண்டை அந்த வேகத்தோடு தரையில் மோதுகிறது.

உகேமி இந்த இயல்பை மாற்றி எழுதுகிறது. அடியை ஒரு புள்ளியில் வாங்காமல் தொடை, முதுகு, முன்கை, உள்ளங்கை என்று பரந்த பரப்பில் வாங்கச் செய்கிறது. ஒரே கணத்தில் வாங்காமல் வளைந்து, உருண்டு, சற்று நீண்ட நேரத்தில் வாங்கச் செய்கிறது. பாயை அறைவதற்குக் கை வேலையாக இருப்பதால் ஊன்றுவதற்குப் போவதில்லை. தலை தனியாகக் காப்பாற்றப்படுகிறது. இவையெல்லாம் புத்தகம் படித்து வருவதில்லை. நூற்றுக்கணக்கான முறை விழுந்து, யோசிக்காமலேயே உடல் செய்யும் நிலை வந்தால்தான் அது உகேமி. ஒரு நாள் செய்துகாட்டிவிட்டு "சொல்லிக்கொடுத்தாயிற்று" என்று அடுத்த பாடத்துக்குப் போகும் வகுப்பில் உகேமி கற்பிக்கப்படவில்லை என்றே பொருள்.

தலை தரையில் படாமலும் உயிர் போகலாம்

ஜப்பானின் பள்ளி மரணங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் அடிக்கடி கண்டது, மூளை உறைக்கு அடியில் ஏற்படும் கடுமையான இரத்தக்கசிவு. மூளையின் மேற்பரப்பிலிருந்து உறையின் பெரிய இரத்த நாளங்களுக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் உண்டு. தலை திடீரென்று சுழன்று நிற்கும்போது மண்டையோடு நின்றுவிடுகிறது, உள்ளே மூளை நகர்கிறது, இந்தச் சிரைகள் அறுகின்றன. இதற்குத் தலை நேரடியாகத் தரையில் மோத வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 2008இல் நாகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ நகரில், ஜூடோ வகுப்பில் பயிற்சியாளரால் தூக்கிப் போடப்பட்ட தொடக்கப் பள்ளிச் சிறுவன் ஒருவன் இப்படித்தான் கடுமையாகப் பாதிக்கப்பட்டான். வழக்கு ஆறு ஆண்டுகள் நீண்டது. 2014இல் நீதிமன்றம் அந்தப் பயிற்சியாளரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. தலை மோதாமலே இத்தகைய காயம் ஏற்படும் என்பது ஜூடோ உலகில் பலருக்கு அந்த வழக்கின் வழியாகத்தான் தெரியவந்தது.

எந்த உத்தி அதிக ஆபத்தானது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஓசோதோகாரி என்று ஒன்று உண்டு. எதிராளியின் மேலுடலைப் பின்னால் சாய்த்து, அவருடைய காலைப் பின்னாலிருந்து தன் காலால் வாரிவிடுவது. ஜூடோவின் தொடக்க உத்திகளில் ஒன்று. பார்க்க எளிது, செய்யவும் எளிது. அதனாலேயே புதியவர்களிடம் அதிகம் பயன்படுகிறது. ஆனால் அதில் விழுபவர் நேராகப் பின்னால் சாய்கிறார். தரை கண்ணுக்குத் தெரிவதில்லை. கழுத்துத் தசை வலுவில்லாத பதின்மூன்று வயதுப் பிள்ளையை, இரண்டு ஆண்டு மூத்த, எடை மிகுந்த மாணவன் இப்படி வாரினால் அதன் தலை சாட்டையின் நுனிபோலச் சுழன்று பாயில் அறைபடுகிறது.

இன்னொன்றையும் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் அதற்குச் சில நாள்கள் முன்பே தலைவலி என்று சொல்லியிருக்கிறார்கள். முந்தைய அடியின் பாதிப்பு ஆறும் முன்பே மீண்டும் பாயில் இறக்கப்பட்டிருக்கிறார்கள். தற்காப்புக் கலைக் கூடங்களில் வலியைச் சொல்வது கோழைத்தனம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் உயிர்களைக் குடித்திருக்கிறது.

விழுபவரின் உயிர் எறிபவரின் கையில்

பாதுகாப்பாக விழுவது விழுபவரின் திறமை மட்டும்தான் என்று நினைத்தால் பாதியைத்தான் புரிந்துகொண்டோம். ஜூடோவில் தூக்கிப் போடுபவரின் ஒரு கை எதிராளியின் சட்டைக்கையைப் பிடித்திருக்கும். எதிராளி காற்றில் சுழன்று இறங்கும் கடைசிக் கணத்தில் அந்தக் கையை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பில் விழுபவரின் தோளும் தலையும் பாயிலிருந்து சற்று உயர்ந்திருக்கும். உடல் பக்கவாட்டில் இறங்கும். மறு கையால் பாயை அறைய அவருக்கு இடம் கிடைக்கும். எறிபவர் கையை விட்டுவிட்டாலோ, தானும் சேர்ந்து மேலே விழுந்தாலோ, எவ்வளவு நன்றாக உகேமி கற்றவரும் அடிபடுவார். எதிராளியைப் பத்திரமாக இறக்கத் தெரியாதவருக்குத் தூக்கிப் போடும் உரிமை கிடையாது. நல்ல பயிற்சியாளர்கள் இதைத்தான் முதல் ஒழுக்கமாகச் சொல்லித்தருகிறார்கள்.

அந்த ஒழுக்கம் பெரியவர்களிடமே இல்லாமல்போனால் என்ன நடக்கும் என்பதற்குத் தைவான் சாட்சி. 2021 ஏப்ரலில் தைச்சுங் நகர ஜூடோ வகுப்பு ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன் இருபத்தேழு முறை தூக்கிப் போடப்பட்டான். தலை வலிக்கிறது என்று அவன் சொன்னது காதில் வாங்கப்படவில்லை. நினைவிழந்தவன் மீளவே இல்லை. இரண்டு மாதங்களுக்குப் பிறகு இறந்தான். பயிற்சியாளருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஏழு வயதுக் குழந்தைக்கு எந்த உகேமியும் இருபத்தேழு வீச்சுகளைத் தாங்கும் பலத்தைத் தராது. களைத்த உடல் கற்றதை மறந்துவிடும்; சோர்ந்த கழுத்து தலையைத் தூக்கிப் பிடிக்காது. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த பயிற்சியாளர் இல்லாத இடத்தில் விழும் பயிற்சியும் பயனற்றுப்போகும்.

தோல்வி பயம் ஒடிக்கும் கைகள்

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள் நம் ஊரில். விழுவது வெட்கம் என்ற எண்ணம் எல்லாச் சமூகங்களிலும் ஆழமானது. போட்டி விளையாட்டில் அது ஆபத்தாக மாறுகிறது. ஜூடோவில் எதிராளியை வேகத்தோடும் பலத்தோடும் முதுகு படும்படி எறிந்தால் அந்தக் கணமே வெற்றி. ஆகவே எறியப்படுபவர் முதுகு படாமலிருக்க எதையும் செய்யத் துணிகிறார். காற்றில் உடலைத் திருகுகிறார், கையை ஊன்றுகிறார், தலையைத் தரையில் ஊன்றிப் பாலம்போல வளைகிறார். முழங்கை பிசகுவதும் கழுத்து எலும்பு நொறுங்குவதும் இப்படித்தான். தலையை ஊன்றித் தப்பிக்க முயல்பவரைத் தகுதி நீக்கும் விதியைச் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு கொண்டுவந்தது இதனால்தான். ஒரு புள்ளியை இழப்பதைவிடக் கழுத்தை இழப்பது பெரிது என்பதை வீரர்களுக்கு விதி போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறு பிள்ளைகளிடம் இந்த வெறி இன்னும் வேகமாகத் தொற்றுகிறது. அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு 2022இல் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது. எப்படியாவது வெல்ல வேண்டும் என்ற போக்கு அந்த வயதுக்கு ஏற்றதல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. ஒலிம்பிக்கில் ஜூடோ பதக்கங்களைக் குவிக்கும் நாடு எடுத்த முடிவு இது. பத்து வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் பதக்கம் மாட்டிச் சுவரொட்டி அடிக்கும் நம் வகுப்புகள் இந்த முடிவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கணக்கெடுத்ததும் குறைந்தது

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 2010இல் ஜப்பானில் ஒரு சங்கம் அமைத்தார்கள். தனித்தனித் துயரங்களாகக் கிடந்தவை பொதுப் பிரச்சினையாக மாறியது அதன் பிறகுதான். உச்சிதாவின் கணக்கும் பெற்றோரின் குரலும் பத்திரிகைகளின் கவனமும் சேர்ந்து ஜூடோ கூட்டமைப்பை அசைத்தன. 2013இல் பயிற்சியாளர்களுக்கான உரிம முறை நடைமுறைக்கு வந்தது. தலைக்காயம் பற்றிய வழிகாட்டு நெறிகள் திருத்தப்பட்டன. புதியவர்களுக்கு உகேமி முழுமையாக வரும்வரை ஓசோதோகாரி போன்ற உத்திகளைத் தள்ளிவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை பரவியது.

கவனம் திரும்பியதுமே பலன் தெரியத் தொடங்கியிருந்தது. 2012 முதல் 2014 வரையிலான மூன்று ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் ஒரு மரணம்கூட இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தவிர்க்கவே முடியாதவை என்று கருதப்பட்ட மரணங்கள், பெரியவர்கள் கவனமாக இருக்கத் தொடங்கியதும் நின்றன. ஆனால் 2015இல் ஃபுகுவோகாவில் நடுநிலைப் பள்ளி முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் ஓசோதோகாரி பயிற்சியில் தலையில் அடிபட்டு இறந்தார். கவனம் தளர்ந்தால் ஆபத்து அதே வாசல் வழியாகத் திரும்பி வரும் என்பதை அந்தப் பெண்ணின் மரணம் காட்டியது.

பிரான்ஸ் இந்தப் பாடத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டது. ஜூடோவையும் சண்டைக் கலைகளையும் கற்பிக்க அரசு அங்கீகரித்த தகுதி வேண்டும் என்று 1955லேயே அங்கே சட்டம் இயற்றப்பட்டது. உடற்கூறு, முதலுதவி, குழந்தைகளைக் கையாளும் முறை எல்லாம் பயின்ற பிறகே ஒருவர் அங்கே ஜூடோ ஆசிரியர் ஆகலாம். இன்று சுமார் ஐந்து லட்சம் பேர் உறுப்பினர்களாக உள்ள பிரெஞ்சு ஜூடோ கூட்டமைப்பில் பெரும்பகுதியினர் சிறுவர்கள். ஜப்பானில் பதிவு பெற்றவர்களின் எண்ணிக்கையைவிட இது பல மடங்கு. ஆனாலும் ஜப்பானியப் பள்ளிகளில் நடந்ததுபோன்ற மரணத் தொடர் அங்கே இல்லை. கறுப்புப் பட்டை ஒருவருக்குச் சண்டையிடத் தெரியும் என்பதற்குத்தான் சான்று. கற்பிக்கத் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டும் என்பதை பிரான்ஸ் ஏற்றுக்கொண்டதே இதற்கு முக்கியக் காரணம்.

பயிற்சிக் கூடத்துக்கு வெளியே

விழுதலால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு அடிபடுபவர்கள் ஆண்டுக்கு 3.7 கோடிக்கும் மேல். இறப்பவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, அந்தப் படுக்கையிலிருந்து எழாமலேயே போன பாட்டியோ தாத்தாவோ இல்லாத குடும்பம் நம்மிடையே அபூர்வம்.

இங்கேயும் ஜூடோ பாயிலிருந்து ஒரு வழி பிறந்திருக்கிறது. நெதர்லாந்தின் நெய்மேகன் நகர ஆய்வாளர்கள், பக்கவாட்டில் விழும்போது தற்காப்புக் கலை உத்தியால் இடுப்பில் இறங்கும் விசை எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். கையை ஊன்றாமல் உருண்டு விழுந்தபோது விசை கால் பங்குக்கும் மேல் குறைந்தது. அதன் அடிப்படையில் முதியவர்களுக்கான விழுதல் தடுப்புப் பயிற்சிகளில் இந்த உத்திகளை அங்கே சேர்த்திருக்கிறார்கள். சுவீடனில் ஜூடோ அமைப்பே இத்தகைய வகுப்புகளை நடத்துகிறது. தடித்த மெத்தை, முழங்காலிட்ட நிலையிலிருந்து மெதுவான தொடக்கம், பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று முறையாக நடக்கும் வகுப்புகள் அவை. எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர் வீட்டுத் தரையில் தானாக முயன்று பார்க்கும் காரியம் அல்ல இது. உடல் வளைந்துகொடுக்கும் பள்ளி வயதிலேயே விழக் கற்றுக்கொண்டவருக்கு முதுமையில் அது எளிதாகக் கைகொடுக்கும்.

நம் பள்ளிகள் செய்ய வேண்டியது

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ, ஜூடோ என்று இடத்துக்கேற்ப எதுவாகவும் அது இருக்கலாம். நல்ல திட்டம், பெண் பிள்ளைகளுக்குத் தம் உடல்மீது நம்பிக்கை தரும் எதுவும் வரவேற்கத் தக்கது. ஆனால் பிடித்துத் தள்ளப்படும் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது உதை அல்ல. தலையில் அடிபடாமல் விழுந்து, உடனே எழுந்து ஓடும் திறமை. அந்தத் திறமையைக் கற்றுக்கொடுக்காத தற்காப்புப் பயிற்சி முழுமையானதல்ல. விழும் பயிற்சி ஜூடோக்காரர்களின் விஷயம், உதைக்கும் கலைகளுக்கு எதற்கு என்று கராத்தே, டேக்வாண்டோ பயிற்சியாளர்கள் ஒதுங்கவும் முடியாது. ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை உயர்த்துபவர்தான் எளிதில் சறுக்கி விழுவார்.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. மூன்று மாதத்தில் முதல் மாதத்தை விழும் பயிற்சிக்கே ஒதுக்க வேண்டும். அது வரும்வரை எந்தப் பிள்ளையையும் தூக்கிப் போடவோ வாரிவிடவோ கூடாது என்று எழுத்து வடிவில் விதி வேண்டும். சிமென்ட் தரையிலும் மொட்டை மாடியிலும் விழும் பயிற்சி கூடாது. ஒவ்வொரு பள்ளிக்கும் மெத்தை வாங்க இயலாவிட்டால், சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு தொகுதி வாங்கிச் சுழற்சியில் கொடுக்கலாம். எடையும் வயதும் பார்த்தே இணை சேர்க்க வேண்டும். பயிற்சியாளராக நியமிக்கப்படுபவருக்குப் பட்டைச் சான்றிதழோடு, விழும் பயிற்சி கற்பிக்கும் முறையிலும் தலைக்காய முதலுதவியிலும் தேர்ச்சி இருக்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை, அல்லது தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்று சொல்லும் பிள்ளை, மருத்துவர் அனுமதிக்கும்வரை பயிற்சிக்குத் திரும்பக் கூடாது. அன்றே பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று வேண்டும். பள்ளி விளையாட்டிலும் தனியார் வகுப்புகளிலும் நேரும் கடுமையான காயங்களுக்கு மாநில அளவில் ஒரு பதிவேடு. ஜப்பானில் 118 என்ற எண் வெளியே வந்தது, இழப்பீட்டு அமைப்பு ஒவ்வொரு விபத்தையும் பதிவு செய்து வைத்திருந்ததால்தான். எண்ணப்படாத மரணங்கள் "விதி" என்ற ஒரு சொல்லில் முடிந்துபோகும். பள்ளிக் கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து இந்தப் பதிவேட்டைத் தொடங்க வேண்டும். ஆண்டுதோறும் வெளியிடவும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பயிற்சியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் பிள்ளைக்கு விழுவதை எத்தனை வாரம் கற்றுக்கொடுப்பீர்கள்? எந்தத் தரையில் கற்றுக்கொடுப்பீர்கள்? தலை வலிக்கிறது என்று அவள் சொன்னால் என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவரை நம்பிப் பிள்ளையை ஒப்படையுங்கள். "அதெல்லாம் போகப் போக வந்துவிடும்" என்று சொல்பவரிடம், அவர் எத்தனை கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தாலும், உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.